அந்நியப் பொருள் என்று நீ எழுதிய மஞ்சள்

மகனே,

நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார், அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். அவர் கையில் நீ கொடுத்தனுப்பிய அறிக்கையும் வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயரை அச்சடித்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் வைத்திருக்கிறாய். எனக்குக் கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ சின்ன வயதிலிருந்தே எதையும் முதல் பக்கத்தோடு மூடிவைக்கிறவன். ஏன் போட மாட்டேன் என்று தெரிய வேண்டுமானால் மீதியையும் படி. நீ உன் அறிக்கையைக் கம்பெனியில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாய், நானும் இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால், அம்மா ஏதோ கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று மடித்து உள்ளே வைத்துவிடுவாய்.

உன் கல்யாணம் முடியும்வரை இந்தப் பேச்சே வேண்டாம் என்று நீயும் உன் அப்பாவும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. "பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, இப்போ போய் பையன்கிட்ட மல்லுக்கு நிப்பியா? தை மாசம் முடியட்டும்டி, அப்புறம் என்ன வேணா பேசிக்கோ" என்கிறார். "கல்யாணம் தையில, சரி. ஆஸ்பத்திரிக் கமிட்டி எப்போ கூடுது?" என்று கேட்டேன். அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மார்கழியிலேயே கூடுகிறது என்று அவருக்கும் தெரியும். அந்தக் கமிட்டி உன் அறிக்கையை ஏற்றுக்கொண்டால், பல் வைத்தியத்துக்கு வரும் குழந்தைகளுக்குத் தூக்க மருந்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர் யாரும் நிற்காமல், நீ செய்த கேமராவை மட்டும் காவலுக்கு வைக்கலாம் என்றாகிவிடும். அதற்குத்தான், பரிசோதனையில் கூட இருந்த டாக்டர் என்று, என் கையெழுத்து வேண்டியிருக்கிறது. பந்தியில் வடையா போளியா என்கிற விஷயமாக இருந்தால் நானும் தை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மயக்க மருந்து டாக்டர். தொண்ணூற்றொன்றில், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், எந்த ஆஸ்பத்திரியிலும் நிலையான வேலை இல்லாமல், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் மயக்கம் கொடுத்துவிட்டு வருகிறவளாக ஆரம்பித்தேன். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைத்தோம். காலையில் சிவாஜிநகரில் ஒரு குடலிறக்கம், மத்தியானம் அல்சூரில் ஒரு பிரசவம், சாயங்காலம் எங்காவது பல் கிளினிக்கில் ஒரு குழந்தை. மருந்து, குழாய், முகமூடி, காற்றுப் பை எல்லாம் என் பையில் இருக்கும், பை என் ஸ்கூட்டியின் முன்னால் இருக்கும். பெரிய ஆபரேஷனுக்கு எல்லோரும் மயக்க டாக்டரை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். குழந்தையின் பல் என்றால் மட்டும் எல்லோருக்கும் அலட்சியம். ஒன்று, நான்கு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பிள்ளை அலற அலறப் பிடுங்குவார்கள். இல்லையென்றால் தூக்க சிரப்பை தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, தூங்கிவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்று வேலையை ஆரம்பிப்பார்கள். கவலை ஆரம்பிப்பதே அங்கேதான் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோனது.

ஏன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூக்க மருந்து குடித்த குழந்தையின் நாக்கு தளர்ந்து பின்னால் சரியும். பல் டாக்டர் வாயைத் திறந்து தாடையைக் கீழே அழுத்துவார், அதனால் இன்னும் சரியும். மூச்சுப் பாதை அடைபடும். குழந்தை கத்தாது, உதைக்காது. நல்ல பிள்ளையாக, அமைதியாக, மூச்சில்லாமல் படுத்திருக்கும். வேலை செய்கிற டாக்டருக்குப் பல் மட்டும்தான் தெரியும், தெரியவும் வேண்டும். அதனால் வேறு வேலையே இல்லாமல் குழந்தையை மட்டும் பார்க்க ஒரு ஆள் தேவை. அந்த ஆள்தான் நான். அப்போதெல்லாம் உதடு நீலமாகிறதா, நகம் கறுக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு, கண்ணில் படும்படி நீலம் பூப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். அதனால்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் எந்தக் குழந்தைக்கும் கை வைப்பதில்லை என்றும் சொல்லிவிட்டேன். "இந்தம்மாவுக்கு ரொம்ப திமிர்" என்று கிளினிக்குகளில் பேசிக்கொண்டார்கள். திமிர் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நீ அதை விடவே இல்லை. ஒரு சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சம், இரண்டும் விரலுக்குள் நுழைந்து மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்து ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சொல்லும் என்றேன். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் கீழே இறக்குகிறேன் என்று உட்கார்ந்தாய். முகம் சிவந்து, கன்னம் உப்பி, கண் பிதுங்கியும் எண் அசையவே இல்லை. "மெஷின் பொய் சொல்லுதும்மா!" என்று கத்தினாய். உன் அப்பா சிரித்துச் சிரித்துச் சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டார். "மெஷின் பொய் சொல்லுதான்னு எப்பவும் கேளு, ஆனா உன் மூச்சு நின்னுடுச்சா இல்லையான்னு முதல்ல பாரு" என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

இப்போது நாவல்பழக் கதையைச் சொல்லப் போகிறேன். உனக்கு அது பாதிதான் தெரியும். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், கடைக்குப் பக்கத்திலேயே இருந்த பல் கிளினிக்குக்குத் தன் மகனைக் கூட்டிவந்தார். வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர்கூடக் கூடாது என்று முன்தினமே சொல்லியிருந்தேன். எந்தக் குழந்தையாக இருந்தாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்வது என் வழக்கம், பையனையும் நீட்டச் சொன்னேன். நாக்கு கருநீலம், உதட்டோரம் கருநீலம். மருந்தே கொடுக்கவில்லை, அதற்குள் நீலமா? அப்புறம்தான் பையனின் சட்டைப் பையில் இரண்டு கொட்டைகளைப் பார்த்தேன். சீசன் நேரம், வாசலில் ஒரு வண்டிக்காரன் நேரளே பழம், அதுதான் கன்னடத்தில் நாவல்பழம், குவித்து வைத்து உப்பு தூவி விற்றுக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரின்னு அழுதான் மேடம், ரெண்டே ரெண்டு பழம் வாங்கிக் குடுத்தேன். பழம் தானே, சாப்பாடு இல்லையே!" என்றார் அப்பா. பாவம், அவருக்கு நான் சொன்னது அப்படித்தான் புரிந்திருக்கிறது. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும், வாந்திக்குப் பழம் என்றும் சாப்பாடு என்றும் பேதம் தெரியாது என்றேன்.

பல் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. நாற்காலி தயார், ஊசி தயார், துணிக்கடைக்காரர் அந்தத் தெருவிலேயே பெரிய மனிதர். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில். இந்த ஊரில் பஸ்ஸில் சீட் கேட்பதற்கும் அதுதான், வாடகையை உயர்த்துவதற்கும் அதுதான். "டாக்டர், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன், அந்தப் பையன் நெஞ்சு பண்ணிக்குமா?" என்று கேட்டேன். இன்றைக்கு முடியாது, நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வரட்டும் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் அவர்கள் வேறு எங்கோ போய்ப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கிளினிக் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை, அந்தப் பல் டாக்டர் சொல்லி இன்னும் சில பேரும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் கொஞ்சம் இழுபறிதான். அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். என் தொழிலில் சரியாகச் செய்ததற்கு அடையாளமே கிடையாது, பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

உன் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நான் வரவில்லை, உன் காய்ச்சலுக்குப் பக்கத்தில் இல்லை என்று போன மாதம் பழைய கணக்கையெல்லாம் எடுத்துவைத்தாய். அதற்காக நான் அழுவேன், மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாயோ என்னவோ. கேட்க மாட்டேன். நீ மேடையில் மரம் வேஷம் போட்டுக்கொண்டு நின்றபோது, யாரோ பெற்ற ஒரு பெண்ணின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மரத்துக்கு உன் அப்பா கைதட்டினார். அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது, நீ மரமாக நின்றதைப் பார்க்க எனக்கும் கொள்ளை ஆசை. வருத்தம் வேறு, தப்பு வேறு. இதை உன் கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டால் உனக்கும் நல்லது, வரப்போகிறவளுக்கும் நல்லது.

சரி, உன் கேமராவுக்கு வருகிறேன். நீ அந்த வேலையில் சேர்ந்து, ஆனேக்கல் பக்கம் ஒரு ஷெட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து அதைச் செய்ய ஆரம்பித்தபோது என்னைவிடப் பெருமைப்பட்டவர் யாரும் இல்லை. நம் கண் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதை உன் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா நூற்றுக்கும் மேலான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கும் என்றாய். முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எந்தக் கீற்று எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால், தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தில் பிராணவாயு இருக்கிறதா என்று தொடாமலே சொல்லிவிடலாம் என்றாய். குழந்தையின் விரலில் எதையும் மாட்ட வேண்டாம், பிடுங்கி எறியாது, பயப்படாது. எனக்குப் புல்லரித்தது. இரண்டு வெளிச்சத்தை நம்பி நான் இத்தனை வருஷம் ஓட்டினேன், என் பிள்ளை நூறு வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். காய்கறிக்காரம்மாவிடம்கூடச் சொன்னேன். நம்பிக்கை இல்லாதவள் பேசுகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதனால்தான் நீ கூப்பிட்டதும் வந்தேன். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்துப் பல் வைத்தியம் செய்யும்போது என் விரல் கருவியும் உன் கேமராவும் ஒரே நேரத்தில் பார்க்கும், இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில குழந்தைகளுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின, நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அப்புறம் பவித்ரா வந்தாள். ஐந்து வயது. அம்மா ராணி, கார்மெண்ட்ஸில் காஜா எடுக்கிறவள், அந்தப் பக்கத்துச் சந்தில்தான் வீடு. பவித்ராவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிப்பாட்டி, முகம் முழுக்க மஞ்சள் தேய்த்து, அதன்மேல் பவுடர் அப்பி, நெற்றியில் ஒரு மைப்பொட்டு, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம், விரல் பத்திலும் ரோஸ் பாலிஷ். "என்னம்மா, கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறே?" என்றேன். ராணிக்கு வெட்கம். "இல்ல டாக்டரம்மா, அந்த சார் ஃபோன்ல பாப்பாவைப் படம் எடுக்கணும்னு சொன்னாரு. இவளுக்கு இதுவரைக்கும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அதான் கொஞ்சம் லட்சணமா…" என்றாள்.

அந்த சார் நீதான். படம் எடுப்போம் என்று சொன்னது நீ. எந்த அம்மா கேட்டாலும் அப்படித்தான் செய்வாள், என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் உன்னையே அப்படித்தான் அனுப்பியிருப்பாள். பாலிஷ் என் கருவிக்கு ஆகாது, அதனால் ஒரு விரலை மட்டும் துடைத்துவிட்டுக் கிளிப்பை மாட்டினேன். முகத்தை நான் ஒன்றும் செய்யவில்லை, முகம் உன் பொறுப்பு. நீயும் பார்த்தாய். உன் கூட்டாளி வெள்ளைப் பலகையைக் கேமராவுக்குக் காட்டி வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டான். அவள் தேனில் கலந்த மருந்தைச் சப்புக்கொட்டிக் குடித்தாள், "படம் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். திரையில் அவள் முகம் பச்சையாக வந்தது. பச்சை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது, நீலம் என்றால் பிராணவாயு குறைகிறது என்று அர்த்தம்.

பல் டாக்டர் கடைவாய்ப் பல்லில் குடைந்துகொண்டிருந்தார். பவித்ரா லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குறட்டை நின்றது. "ஆஹா, நல்லா ஆழ்ந்து தூங்கறா" என்றார் டாக்டர். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் மூக்கின் அருகே வைத்த என் கையில் காற்று படவில்லை. "கையை எடுங்க டாக்டர்" என்றேன். "ஒரு நிமிஷம் மேடம், முடிஞ்சுது." அதற்குள் என் கருவியின் பீப் சத்தம் சுருதி இறங்க ஆரம்பித்தது, பிராணவாயு குறையும்போது அது அப்படித்தான் இறங்கும். உன் கூட்டாளி திரையைப் பார்த்து, "மேடம், இங்கே எல்லாம் கிரீன். குழந்தை விரலை அசைச்சிருப்பா, உங்க கிளிப்தான் தப்பா காட்டுது" என்றான். நீ அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நீயும் திரையைத்தான் பார்த்தாய். ஒரு தடவைகூட குழந்தையைப் பார்க்கவில்லை. நான் டாக்டரின் கையைத் தட்டிவிட்டு, வாயிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்து, தாடையை முன்னால் இழுத்துத் தூக்கினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தேன், சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அந்த நேரம் முழுக்க உன் திரை பச்சையாகவே இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, தாடையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காட்டவும் முடியவில்லை.

பவித்ராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழித்ததும் "படம் எடுத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். பாதி முடிந்த பல்லோடு ராணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நடந்ததை நான் ராணியிடம் அப்படியே சொன்னேன். அவள் முகம் வெளிறியது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மஞ்சள் பூசினதாலயா டாக்டரம்மா?" என்று கேட்டாள். பார், ஒரு நொடியில் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இல்லவே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உன் அறிக்கையும் அதே பழியை அவள் தலையில்தான் போடுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. "முகத்தில் அந்நியப் பொருள் பூசப்பட்டிருந்ததால் ஒரு குழந்தையின் பதிவு நீக்கப்பட்டது." ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, மீதிக் குழந்தைகளில் கேமரா எவ்வளவு பிரமாதம் என்று வண்ண வண்ணப் படங்கள்.

அந்நியப் பொருளா? எது அந்நியம்? இந்த ஊரில் மஞ்சள் அந்நியமா? வெள்ளிக்கிழமை காலையில் அல்சூர்ச் சந்துகளில் ஒரு சுற்று நடந்து பார். பவுடர் அந்நியமா, பொட்டு அந்நியமா, எண்ணெய் வழியும் நெற்றி அந்நியமா? அந்த நாற்காலிக்கு முன்னால் அந்நியமாக வந்து நின்றது உன் கேமராதான். அறிக்கையின் முதல் நகலை வீட்டில் காட்டிய அன்று சாப்பாட்டு மேஜையில் இதைக் கேட்டபோது நீ, "அது அவுட்லையர்மா, கணக்குல சேராத ஒண்ணு. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரணும்னு ப்ரோட்டோகால்ல போட்டுடறோம், முடிஞ்சுது" என்றாய். முடிந்ததா? மஞ்சள்தான் காரணம் என்று உனக்கு எப்படித் தெரியும்? பவுடராக இருக்கலாம். பல் டாக்டர் தலைக்கு மேலே எரியும் அந்த மஞ்சள் விளக்காக இருக்கலாம். அவள் நிறமாக இருக்கலாம். பவித்ரா நல்ல கறுப்பு, கேமராவுக்கு நீ காட்டிப் பழக்கிய முகங்களெல்லாம் உன் ஆபீஸ் முகங்கள். மஞ்சளைக் கழுவலாம், நிறத்தைக் கழுவச் சொல்வாயா? எனக்குக் காரணம் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுது, அதில் என்ன கேவலம்? பரிசோதனையில் கிடைத்த ஒரே உருப்படியான விஷயம் அந்தக் குழந்தைதான், அவளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாயே!

அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "உனக்கு வேலை போயிடும்னு பயம்மா. கேமரா வந்துட்டா உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, அதான் இவ்வளவு ஆட்டம்." உன் அப்பா, "டேய்!" என்றார். அவருக்கு அதற்குமேல் வராது. நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள். பொறாமை, கிழட்டுப் பிடிவாதம், இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதனால் அந்தத் திரை பச்சையாக இருந்தது பொய்யாகிவிடுமா? நான் கெட்டவளாக இருந்தாலும் அவள் மூச்சு நின்றது நின்றதுதான். மறுநாள் காலையில் நீ துணிமணிகளை அள்ளிக்கொண்டு ஆனேக்கலுக்குப் போனாய். ஷெட்டுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் வசதி என்றாய். நான் தடுக்கவில்லை. வாசலில் நின்று நீ பஸ் ஏறும்வரை பார்த்தேன், பிறகு உள்ளே வந்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

நான் செய்ததைக் கேள். கமிட்டிக்கு நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் பார்த்தது, கேட்டது, என் கருவி சொன்னது, உன் கேமரா சொன்னது, உன் பெயர், என் பெயர், நீ என் மகன் என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. கேமரா வேண்டாம் என்று எழுதவில்லை. கேமரா இருக்கட்டும், பக்கத்தில் குழந்தையை மட்டும் பார்க்க ஒரு ஆளும் இருக்கட்டும், ஆளை எடுக்க இன்னும் நேரம் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். உன் பல் டாக்டர் இப்போதே ஃபோன் செய்து, "பெத்த பையன் காலையே வாரி விடுறீங்களே மேடம்" என்றார். சம்பந்தி வீட்டுக்கும் விஷயம் போய்விட்டது. கல்யாணத்தில் நான் எங்கே நிற்க வேண்டும், நிற்க வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். கூப்பிடாவிட்டாலும் வருவேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வயிறார வாழ்த்திவிட்டுப் போவேன்.

இன்னொன்று. பவித்ராவின் பாதிப் பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு இனிமேல் வர மாட்டேன் என்று ராணி சொல்லிவிட்டாள். நான் போகிற ஆஸ்பத்திரியில் வருகிற திங்கட்கிழமை காலை ஏற்பாடு செய்திருக்கிறேன். ராணி முந்தாநாள் வீட்டுக்கு வந்து, "முகத்தை வெறுமனே கழுவிட்டுக் கூட்டிட்டு வரட்டுமா டாக்டரம்மா? மஞ்சள் எல்லாம் வேணாமில்ல?" என்று பயந்து பயந்து கேட்டாள். எப்போதும் எப்படி அனுப்புவாயோ அப்படியே மஞ்சள் பூசு, பவுடர் போடு, பொட்டு வை, பூ வை, வயிறு மட்டும் காலியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் கேமராவும் வரும் என்றும் சொல்லி, அவள் சம்மதத்தைக் கேட்டேன். நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னா சரி என்றாள். வா. வெள்ளைப் பலகையை எடுத்துக்கொண்டு வா, விளக்கை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், உன் நூறு வெளிச்சத்தில் எது தப்பிப் போகிறது என்று கண்டுபிடி. நான் தலைமாட்டில் இருப்பேன். திரை என்ன காட்டுகிறதோ, பச்சையோ நீலமோ, அதை அவள் பெயரோடு அறிக்கையில் திரும்பச் சேர்த்து எழுது, அங்கேயே அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் மறக்காமல் அந்தக் குழந்தைக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடு, சாதாரண கேமராவில், நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

உன் அம்மா